ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்: தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில் வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்ததும் கிளம்பிவிடுவதில்லை. மகள் கொக்கி தைத்துக்கொண்டிருப்பதையும் மகன் திண்ணையில் உப்புத்தாளால் பலகை தேய்ப்பதையும் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதில் பலர் என்னைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். கணவர் இறந்தவர்கள், விலகி வந்தவர்கள், மகளுக்கு யூனிஃபார்ம் தைக்க வரும், மனைவியை இழந்த அண்ணாச்சிகள் இரண்டு மூன்று பேர்.

என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஏழு வருஷம் ஆகிறது. மகளுக்கு இப்போது 13 வயது, மகனுக்கு 9. பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டு வேலையும் கைவேலையும் செய்வது பற்றி ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சோறு பொங்கி, துணி துவைச்சு, வேலைக்கும் போய்ட்டு வாரேன். இதுக்கு மேல பிள்ளைகளோட உக்காந்து வேலை செய்ய எனக்கு எங்க நேரம்?

புதிதாக வேலை எதையும் தேட வேண்டாம். எப்படியும் செய்யப்போகிற வேலைகளில் ஒன்றை எடுத்து அதில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் மூன்று தடவை நேரம் இரட்டிப்பாகும். அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் இழுக்கும், அப்புறம் சிந்தினதைத் துடைக்கக் கால் மணி நேரம். அந்த மூன்று தடவையைத் தாண்ட முடியாமல்தான் பலர் "நானே செஞ்சிருதேன்" என்று விட்டுவிடுகிறார்கள். தாண்டிவிட்டால் நாலாவது தடவை உங்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சம்.

பக்கத்துல உக்கார வச்சு வேடிக்கை பாக்கச் சொன்னா போதாதா? எதுக்கு வேலையில இழுக்கணும்?

வேடிக்கை பார்க்கிற பிள்ளை பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடும். அது இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறதே, பின்னே ஏன் உட்கார வேண்டும்? நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்குக் கொடுக்கிற பங்கு, அது கையை எடுத்தால் வேலை நின்றுபோகிற பங்காக இருக்க வேண்டும்.

இதை எனக்குக் காட்டியது ஓர் ஏணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. தைக்க வந்த துணி மூட்டைகளை எல்லாம் பரணில் தூக்கிப் போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் இறக்க வேண்டும். ஏணி போட்டால் ஈரத் தரையில் வழுக்குகிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியைக் கூப்பிடலாம் என்றால் அவர் வீட்டிலும் அதே பாடு. "நான் பிடிக்கேன்மா" என்றாள் மகள். அப்போது அவளுக்கு 11 வயது. அடிக்காலில் பாதத்தை அணைகொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கில் கொசு கடித்தும் கையை எடுக்கவில்லை.

பெரியவர் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அவளை யாரும் ஏணி பிடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே பிள்ளையின் உதவி விளையாட்டு. நம் வீட்டில் நிஜமாகவே ஒரு கை குறைகிறது. குறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கு உண்மையான பங்கு கொடுக்க அந்தக் குறையே இடம் விடுகிறது. அதில் ஒரு ஆபத்தும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

மூன்று வயதில் பட்டனை நிறம் பார்த்துப் பிரிக்கும், செடிக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றும், காக்கா விரட்டும். காக்கா விரட்டுவதை அந்த வயதுப் பிள்ளையைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது. ஆறு வயதில் அளக்கும், உப்புத்தாள் தேய்க்கும், சாயம் பூசும். எட்டு ஒன்பதில் சின்னச் சுத்தியல், கை ஊசி. பத்துக்கு மேல் பெடல் மிஷின். இதெல்லாம் என் இரண்டு பிள்ளைகளை வைத்துச் சொல்வது. உங்கள் பிள்ளையின் கையும் பொறுமையும் உங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல எதுல தொடங்கணும்? லேசா ஒண்ணு சொல்லுங்க.

புரட்டாசியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பனங்கொட்டை. நம் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை, பழம் தானாக விழும். சுட்டுத் தின்ற பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். வீட்டுக்குப் பின்னால், வேலியோரம், நிழல் குறைந்த இடத்தில் மண்ணைப் பொலபொலவென்று இளக்கி ஒரு முழம் உயரத்துக்கு மேடு கட்டி, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, லேசாக மண் தூவி மூடினால் முடிந்தது. முளை கீழ்நோக்கி இறங்கும். கல்லும் கட்டியும் கிடந்தால் கிழங்கு கோணிக்கொள்ளும் என்பதால் கல் பொறுக்குவது பிள்ளையின் பங்கு. அந்தப் பங்கை ஏமாற்றினால் பொங்கல் சமயத்தில் கிழங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பத்து நாளில் பிள்ளை ஒன்றைத் தோண்டிப் பார்க்கும். திட்டாதீர்கள். தோண்டிப் பார்ப்பதற்கென்றே நாலு கொட்டை கூடுதலாகப் போட்டு, அதை ஓரமாக அடையாளம் வைத்துக் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் மேட்டைப் பிரித்தால் கிழங்கு. கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு மாதிரித் தவுண். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, சொந்தக்காரர் வீடுகளுக்கு "இது நான் போட்ட கிழங்கு" என்று பிள்ளை கையாலேயே கொடுத்தனுப்பினால், அடுத்த புரட்டாசிக்கு நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்காது.

பங்குனி, சித்திரையாக இருந்தால் கூழ்வத்தல். விடியற்காலையில் கூழ் காய்ச்சுவது உங்கள் வேலை, அதில் பிள்ளை வேண்டாம். கொதிக்கிற கூழ் தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பழைய வேட்டியை விரித்து, கரண்டியால் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. காய்ந்தபின் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து உரிப்பதும் அவர்கள்தான். என் மகன் ஊற்றும் வத்தல் ஒவ்வொன்றும் ஒரு மாவட்டத்தின் வரைபடம் மாதிரி இருக்கும். எண்ணெயில் போட்டால் எல்லாம் ஒரே ருசிதான்.

சாமான் வாங்கவே ஆயிரக்கணக்குல ஆகுமே?

நான் முதலில் வாங்கியது மூன்றே சாமான்: சின்னச் சுத்தியல், இன்ச் டேப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கத்தரி தொழிலுக்கே இருந்தது. பொம்மைக் கருவி மட்டும் வாங்கிவிடாதீர்கள். பிளாஸ்டிக் சுத்தியல் ஆணியை இறக்காது. தன்னால் முடியவில்லை என்றுதான் பிள்ளை நினைக்கும், சுத்தியல் சரியில்லை என்று நினைக்காது.

துணி வேண்டுமென்றால் தையல்காரர்களிடம் கேளுங்கள், வெட்டுத் துண்டு சாக்குச் சாக்காகக் கிடக்கும். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியபோது நாங்கள் மிச்சத் துணியில் கடைக்குப் போகும் பைகள் தைத்தோம். நேர்த்தையல் பழக அதைவிடச் சுலபமான உருப்படி கிடையாது.

எனக்கே ஆணி அடிக்கத் தெரியாது. நான் எங்க பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க?

சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். என் முதல் அலமாரிப் பலகை மூன்றாம் நாள் விழுந்தது. துளைக்குப் பொருந்தாத சின்ன பிளாஸ்டிக் பிளக்கைச் சுவரில் செருகியிருந்தேன், திருகு பிடிக்கவில்லை. மகனோடு கடைக்குப் போய், "இந்தத் துளைக்கு எது சரி?" என்று கேட்டு மாற்றி வந்தோம். அம்மாவுக்குத் தெரியாது, அம்மா கேட்டாள், அம்மா திரும்பச் செய்தாள் என்று அவன் பார்த்தது அந்தப் பலகையைவிட உபயோகமானது. சமையல் தெரியாத அண்ணாச்சிகளுக்கும் இதே பதில். உங்கள் முதல் தேங்காய்ப்பால் சொதி திரிந்துதான் போகும், போகட்டும்.

இன்னொன்று. நாம் இருப்பது கைவேலைக்காரர்கள் நடுவில். கோரையைப் பிளந்து பாய் நெய்யும் பத்தமடை பக்கத்து ஊர். சேரன்மகாதேவியில் ரயில் ஏறி மேற்கே போனால் காருகுறிச்சியில் சட்டிபானை, வீரவநல்லூரில் தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு. விடுமுறையில் ஒரு நாள் கூட்டிப் போய், ஒரே ஒரு இடத்தில், அரை மணி நேரம் நின்று பாருங்கள். சக்கரத்தில் கோணிப்போன பானையைக் குயவர் ஒரு அடி அடித்து மறுபடி மண்ணாக்கிவிட்டு, முகம் மாறாமல் திரும்ப ஆரம்பிப்பார். தோற்றுப்போவதைப் பற்றி நான் பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கையைக் கிழிச்சுக்கிட்டா? ஒத்தையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவா?

இந்தப் பயம் நியாயமானது. இரண்டு பிள்ளையும் ஒரு பெரியவரும் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் இன்னொன்றைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் நான் காயத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஊசி குத்துவது, சுத்தியல் விரலில் படுவது, தோல் சிராய்ப்பது ஒரு வகை. இது வரும், வந்தால் கழுவித் துணி சுற்றலாம். இன்னொரு வகையை வர விடவே கூடாது: கரன்ட், கொதிக்கிற எண்ணெய், கிணறும் ஆறும், நீற்றாத சுண்ணாம்பு. இந்த நாலில் பிள்ளைக்குப் பங்கே இல்லை, எவ்வளவு கெஞ்சினாலும். டிரில் நான் மட்டும் பிடிப்பேன், மெயினில், கரன்ட் கசிந்தால் தானே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்ட பிறகுதான் அதுவும். வெள்ளத்தில் நனைந்த சுவரில் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சுவிட்சையும் தொடவில்லை.

சுண்ணாம்பை நம் ஊரில் ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறோம், அதனால் கொஞ்சம் கூடச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். அதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நீற்றி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி வைத்துவிட வேண்டும். அப்புறம் நீலம் கலக்கிப் பூசும்போதுகூடக் கண் முக்கியம். பிள்ளையின் தலைக்கு மேலே உள்ள சுவர் நம்முடையது, மார்புக்குக் கீழே உள்ளது அவர்களுடையது. கண்ணாடி ஒன்று போட்டுவிடுங்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் தாய்ப்பால், எண்ணெய் என்று எதையும் விடாமல், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே கண் ஆஸ்பத்திரி. நல்ல தண்ணீர் வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெள்ளையடிக்கும் மட்டையையே கையில் எடுப்பேன்.

தையல் மிஷினுக்கு எங்கள் தொழில்வழி ஒன்று இருக்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத்தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே மிதித்து ஓட்டச் சொல்லுங்கள். துளை கோட்டில் விழ ஆரம்பித்தபின் துணி.

ஆசையா ஆரம்பிக்கும், பாதியில போட்டுட்டு ஓடிரும். பூரா நான்தான் முடிக்க வேண்டியிருக்கு.

வேலை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே உட்காரலில் முடிகிற துண்டாக வெட்டிக் கொடுங்கள். "பை தைப்போம்" என்றால் ஓடும், "இன்னைக்குக் காது மட்டும்" என்றால் முடிக்கும்.

விட்டுவிட்டு ஓடினதை நீங்கள் முடிக்காதீர்கள், இது முக்கியம். இரவு உட்கார்ந்து நீங்கள் முடித்து வைத்தால், முன்னே சொன்ன கணக்கு உடைந்துவிடும்: அது கையை எடுத்தும் வேலை நின்றுபோகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காது இல்லாத பை மூன்று வாரம் ஆணியில் தொங்கியது. காய் வாங்கப் போகும்போதெல்லாம் அதையே எடுத்துப்போய், அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலாவது வாரம் காது வந்துவிட்டது.

பெரியவனுக்கு 15 வயசு. கூப்பிட்டா வரவே மாட்டேங்கான், செல்போன்லயே கிடக்கான்.

அந்த வயதில் "வா, அம்மாவுக்கு உதவி பண்ணு" என்பது எடுபடாது. அவனை உதவிக்குக் கூப்பிடாமல் பொறுப்பை ஒப்படைத்துப் பாருங்கள். வீட்டுச் சுவிட்ச் எல்லாம் எதற்கு எது என்று பார்த்து எழுதி ஒட்டுவது, தண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு கொள்ளும் என்று அளந்து சொல்வது, பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது. செல்போனையும் பகைக்காதீர்கள். செயின் கழன்றால் எப்படி மாட்டுவது என்று அவன் அதில்தான் பார்ப்பான். நீங்கள் பக்கத்தில் நிற்காமல் இருப்பதும் நல்லது. அவன் கேட்டால் மட்டும் போங்கள்.

ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வச்சா அடிதடிதான்.

ஒரே வேலையை இருவருக்கும் கொடுத்தால் அப்படித்தான். ஒருத்தி வெட்டினால் ஒருவன் தேய்க்க வேண்டும். அப்படியும் சண்டை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, போய் இட்லி சாப்பிடுங்கள்.

வேலை செஞ்சா காசு குடுக்கலாமா?

வீட்டுக்கான வேலைக்கு நான் கொடுப்பதில்லை. கொடுத்தால் காசு இல்லாத வாரம் வேலையும் நிற்கும், நம் வீட்டில் காசு இல்லாத வாரங்கள் அதிகம். ஆனால் வெளியாள் காசு கொடுத்து வாங்குகிற பொருளில் பிள்ளையின் உழைப்பு இருந்தால் அதற்குப் பங்கு உண்டு. கொக்கி தைக்கிற கூலியை மகள் தன் உண்டியலில் போடுகிறாள்.

ஆச்சி விடமாட்டேங்காங்க. பிள்ளை கையில குடுத்ததைப் பிடுங்கித் தானே செஞ்சிருதாங்க.

பாசம், வேறொன்றும் இல்லை. "தகப்பனில்லாத பிள்ளை, அதுவும் கஷ்டப்படணுமா?" என்பதுதான் அவர்கள் மனதில் ஓடுவது. ஆச்சியிடம் கையை எடுக்கச் சொல்லாதீர்கள், வாத்தியாராக்கிவிடுங்கள். ஓலைக் கொட்டான் முடைய, பூ கட்ட, பாக்கு வெட்ட என்று ஆச்சிக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் பிடுங்குவது பாதியாகக் குறையும். மீதிப் பாதி குறையாது, அனுசரித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு. ஒரு ஆணி அடிச்சாலே வீட்டுக்காரர் சண்டைக்கு வருதாரு.

சுவரைத் தொடாத வேலையாகப் பாருங்கள். தொட்டிச் செடி, பை, கால்மிதி, தரையில் நிற்கிற அலமாரி. வெள்ளையடிப்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். செலவும் கூலியும் உங்களுடையது என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

நான் லாரி ஓட்டுதேன். மாசத்துல பத்து நாள்தான் வீட்டுல இருக்கேன், எங்கம்மாதான் பிள்ளையப் பாக்காங்க. என்னால என்னத்த சேர்ந்து செய்ய முடியும்?

அண்ணாச்சி, உங்களுக்குத்தான் பனங்கொட்டை மேடு ரொம்பப் பொருந்தும். நீங்கள் இருக்கும்போது மேடு கட்டிக் கொடுங்கள், இல்லாதபோது பிள்ளை பார்த்துக்கொள்ளும், கிழங்கு எடுக்கும்போது வந்துவிடுங்கள். நடுவில் போன் பண்ணினால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச ஒன்று இருக்கும். "மழை பெஞ்சுதா? மேடு கரைஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரிய வேலைதான் வேண்டும் என்பதில்லை. நீங்கள் இல்லாத இருபது நாளும் நடந்துகொண்டிருக்கிற வேலையாக இருந்தால் போதும்.

பள்ளிக்கூடத்துல கேக்குற பிராஜெக்டும் இந்தக் கணக்குல வருமா?

நீங்கள் ராத்திரி 11 மணிக்குத் தெர்மாகோல் வெட்டி ஒட்டினால் வராது.

சிறுவீட்டுப் பொங்கலுக்கு வீடு கட்டணும்னு மக கேக்கா. அவரு போனதுக்கு அப்புறம் நான் அதுல கை வைக்கக் கூடாதுங்காங்க எங்க அத்தை. என்ன செய்ய?

வெளியூர்க்காரர்களுக்காக: மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகுவோம். அதை வறட்டியாகத் தட்டிச் சேர்த்து வைப்போம். பொங்கல் கழிந்து, தையில் ஒரு நாள் பெண்பிள்ளைகள் வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டிப் பொங்கலிட்டு, வறட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள்.

எனக்கும் இது நடந்தது. முதல் வருஷம் நான் நடையிலேயே நின்றேன், மகள் தனியாகக் கட்டினாள், மத்தியானத்துக்குள் சுவர் விழுந்தது. அவள் அழுததைவிட, என்னைக் கூப்பிடாமல் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை. மறு வருஷம் அத்தையிடம் சொன்னேன்: "அது பிள்ளை வீடு அத்தை. எனக்கு அதுல சாமி கும்பிடுற பாத்தியதை வேண்டாம், கொத்தனார் வேலை மட்டும் குடுங்க." அவர்கள் பதில் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. கை வைத்தால் ஆகாது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வாக்குவாதத்தை மார்கழி தொடக்கத்திலேயே, பிள்ளை இல்லாத நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பண்டிகை அன்றைக்கு வாசலில் வேண்டாம்.

வீடு விழாமல் இருக்க வழி: வெறும் களிமண் வெடிக்கும். மணலும், பொடியாக நறுக்கின வைக்கோலும் சேர்த்துக் குழையுங்கள். ஒரே நாளில் சுவரை எழுப்பாமல் நாலு விரல் உயரம் வைத்துக் காயவிட்டு மேலே ஏற்றுங்கள். போன வருஷம் மகன் அதன் பக்கத்திலேயே மாட்டுத்தொழுவம் கட்டினான். அத்தை அதற்கும் சேர்த்துக் கோலம் போட்டார்கள்.

தகப்பன் இல்லாத பிள்ளைய வேலை வாங்குதான்னு ஊர்ல பேசுதாங்க. சட்டப்படி தப்பாகிருமா?

ஆகாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை, பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவுவதை அது தடுக்கவில்லை. படிப்பு கெடக் கூடாது, அதுதான் எல்லை. ஊர் பேசுவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அப்போ, நான் பீடி சுத்துதேன். மக இலை வெட்டித் தாரா, முனை மடக்குதா. அதுவும் சேர்ந்து செய்யுறதுதானே?

இல்லை அக்கா. இதை உங்களிடம் நேரில் சொல்லவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உங்கள் தட்டில் நாள் கூலி இருக்கிறது, ஆயிரம் எண்ணி முடிக்காமல் எழுந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் புகையிலைத் தூள் மூச்சில் போகும், அதன் நஞ்சு தோல் வழியாகவும் ஏறும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சட்டம் தடுத்திருக்கும் தொழில்களில் பீடி சுற்றுவதும் ஒன்று. மேலே சொன்ன நாலு தடையோடு இதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வேறு பங்கு இருக்கிறது. பீடிக் கணக்கு பாஸ்புக்கை அவளிடம் கொடுங்கள். எத்தனை கட்டுப் போட்டீர்கள், எவ்வளவு கழித்தார்கள், எவ்வளவு வர வேண்டும் என்று வாராவாரம் அவள் எழுதி வைக்கட்டும். அது புகையிலையைத் தொடாத வேலை, கணக்கு தப்பினால் உங்களுக்கு நிஜமாகவே நஷ்டம் வருகிற வேலையும்கூட. தட்டை ஓரமாக வைத்து, கை கழுவி, சேலை மாற்றியபின் ஒரு இருபது நிமிஷம் கிடைத்தால் பூ கட்டலாம், பை தைக்கலாம். துண்டுத்துணி நான் தருகிறேன்.

சனி, ஞாயிறு அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருதாரு. அங்க பூரா செல்போன்தான். நான் ஆரம்பிச்ச வேலை அந்தரத்துல நிக்குது.

அப்படியென்றால் ஞாயிறை விட்டுவிட்டுப் புதன்கிழமை சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதும். துண்டு துண்டாக வெட்டுவது பற்றி மேலே எழுதியிருப்பது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நான் செய்யக் கத்துக்குடுக்கேன், அவரு செல்போன் குடுக்காரு" என்று பிள்ளை காதுபட ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் அந்தச் சுத்தியல் யார் பக்கம் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும். பிள்ளை அதைத் தொடவே யோசிக்கும். தான் நட்ட தக்காளிச் செடியை அப்பாவிடம் காட்ட எடுத்துப்போகிறேன் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். அங்கே போய் அது வாடலாம், வாடாமலும் இருக்கலாம்.

"இனிமே நீதாம்ல வீட்டுக்கு ஆம்பள"ன்னு எல்லாரும் எம்பையன்கிட்ட சொல்லுதாங்க. அவனும் பெரிய மனுசன் மாதிரி எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்யுதான். நல்லதுதானே?

ஆபத்து என்று முதலில் சொன்னது இதைத்தான். உண்மையான பங்கு கொடுப்பது வேறு, இல்லாதவருடைய இடத்தைக் கொடுப்பது வேறு. ஏணி பிடித்த மகள் அடுத்த மாதம் ராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க ஆரம்பித்தாள். கரன்ட் பில் எவ்வளவு என்று கேட்டாள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு பிள்ளை தாழ்ப்பாளைப் பார்க்கக் கூடாது.

நான் செய்தது இரண்டு. தாழ்ப்பாள், பணம், நாளைக்கு என்ன என்ற கவலை மூன்றும் என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம், வேலை முடிந்ததும் கருவிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி, "போ, விளையாடு" என்று அனுப்ப ஆரம்பித்தேன். உங்கள் பையன் தெருவில் கிரிக்கெட் ஆடுவதை நிறுத்திவிட்டானா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் அவனிடமிருந்து இரண்டு வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லும் மாமாக்களிடம், "அவனுக்குப் பத்து வயசுதான் மாமா" என்றால் போதும்.

அவரு பாதி செஞ்சு விட்டுட்டுப்போன ஊஞ்சல் பலகை அப்படியே கிடக்கு. பிள்ளைகளை வச்சு முடிக்கவா, தொடாம விட்டுறவா?

எங்கள் வீட்டில் ஊஞ்சலுக்குப் பதில் கோழிக்கூடு. நாலு காலும் ஒரு பக்கச் சட்டமும் அடித்திருந்தார், மற்றதற்கு நாள் இல்லை. நாலு வருஷம் பின்வாசலில் நின்றது. நான் தொடவில்லை, தொட விடவும் இல்லை. மழையில் ஒரு கால் உளுத்தபோதுதான், இப்படியே வைத்திருந்தால் அதுவும் போய்விடும் என்று தெரிந்தது.

பிள்ளைகளிடமே கேட்டேன். மகள் அப்படியே இருக்கட்டும் என்றாள், அவளுக்கு அவர் ஞாபகம் உண்டு. மகனுக்கு இல்லை, அவன் கூட்டை முடிக்கலாம் என்றான். அவசரப்படவில்லை, அவள் சரி சொல்ல ஒன்பது மாதம் ஆனது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: அவர் அடித்த ஆணிகளைப் பிடுங்கக் கூடாது. அதனால் உளுத்த காலுக்குப் பக்கத்தில் புதுக் கால் ஒன்றைச் சேர்த்துக் கட்டினோம். கூடு ஐந்து காலோடு கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. கோழி வளர்க்க எங்களுக்கு நேரமில்லை, அதில் என் நூல்கண்டுப் பெட்டிகள் இருக்கின்றன. நீங்களும் முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள். இருவரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள், அதற்கு நேரம் கொடுங்கள்.